சும்மா கொடுத்த புத்தகம்

அந்த மருந்துக் கிடங்கின் வாசலில் வேலை பார்த்த பெண் காவலருக்கு, உள்ளே பெட்டி கட்டும் பெண்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து கோபப்பட்டாளா என்றால் அதுதான் இல்லை. உள்ளுக்குள் பெருமை. இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றதற்குக் கிடைத்த பட்டம் என்றே அதை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மணி அடித்ததும் பெண்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். வாசலை ஒட்டிய சின்ன அறையில் தகரம் அடித்த ஒரு மேஜை. ஒவ்வொருத்தியும் தன் பையை அதன்மேல் கொட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து காட்ட வேண்டும். குடையை விரித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். எக்ஸ்ரே பையின் அடித்தையலை விரலால் நீவுவாள், செருப்பை வளைத்துப் பார்ப்பாள், கொண்டையைக்கூட லேசாக அழுத்திப் பார்ப்பாள். யாராவது முணுமுணுத்தால் அவள் வாயில் ஒரே பதில்தான் தயாராக இருக்கும்: "மடியில கனமில்லைன்னா வழியில பயம் எதுக்கு?" அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

வீட்டிலும் இதே கதைதான். சோப்பு வாங்கினால் ஒரு கரண்டி இனாம் என்று கடைக்காரர் கொடுத்தபோது, கரண்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பூச்செடி கொடுத்தபோது, எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று ஒரு வாரம் யோசித்தாள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாது. "எமன் வந்தாக்கூட அடையாள அட்டை கேட்டு வாசல்லயே நிக்க வச்சிடுவே. எனக்கு அந்த வகையில ஆயுசு கெட்டி" என்பார். யாராவது அவளை நன்றாக ஏமாற்றியிருப்பார்கள், அதனால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஏமாற்ற விட்டால்தானே!

ஆனாலும் மனுஷி என்று இருந்தால் ஓர் ஆளையாவது நம்ப வேண்டாமா? அவள் நம்பிய ஓர் ஆள், அதே வாசலில் நின்ற ஆண் காவலர். அவருக்கு மீசை என்றே பெயர்; பெயருக்கேற்ற மீசை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளைத் தங்கச்சி என்றார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் தன் ஸ்கூட்டரில் அவளைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவிட்டார். அவள் பையை வாங்கி முன்னால் இருக்கும் கொக்கியில் தானே மாட்டிக்கொள்வார். இறங்கியதும் எடுத்துத் தருவார். காசு கேட்டதில்லை, வழிந்து பேசியதில்லை. உலகத்திலேயே உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான் என்று கணவரிடமே அவள் சொல்லியிருக்கிறாள். கணவர் இருமினார்.

அந்த மழைக்காலத்தில்தான் மாத்திரை காணாமல் போக ஆரம்பித்தது. இருதயத்துக்குப் போடுகிற விலை கூடிய மாத்திரை. பெட்டி பெட்டியாகப் போனால் பிடித்துவிடலாம். இது அட்டை அட்டையாகப் போனது. இன்றைக்கு நாலு அட்டை, மறுபடி இரண்டு நாள் கழித்து ஐந்து. மேனேஜர் வாசல் காவலர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் வாசலில் ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். எக்ஸ்ரே கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணவருடைய வேன் வருமானம் வாடகைக்கே சரியாகிவிடும். வீட்டில் அடுப்பு எரிவது அவளுடைய சீருடையை நம்பித்தான்.

அட்டை என்பது தட்டையான பொருள். தட்டையானதை எதில் ஒளிக்கலாம்? அவள் கண் நேராகப் போய் நின்ற இடம் தலகாணி.

தலகாணி என்றால் படுக்கிற தலகாணி இல்லை. பெட்டி கட்டும் பெண்களில் ஒருத்தி, ஒல்லியானவள், எப்போது பார்த்தாலும் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைச் சுமந்துகொண்டு வருவாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் மாமியாரையும் நாத்தனாரையும் பிரித்து மேயும்போது இவள் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். அதனால் வந்த பெயர். பெட்டி கட்டுகிற கைக்கு எதற்கு இவ்வளவு பெரிய புத்தகம்? அதுவும் காணாமல் போகிற மாத்திரை அவள் வேலை செய்கிற மேஜையைத் தாண்டித்தான் போகிறது. போதாதா? எக்ஸ்ரே அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தனியாகக் கவனிக்க ஆரம்பித்தாள். முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுவாள். அட்டையை அழுத்துவாள். கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓட்டுவாள். ஒன்றும் விழாது. விழாததுதான் அவள் சந்தேகத்தை இன்னும் ஏற்றிவிட்டது. கெட்டிக்காரி!

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம், சோதனை முடிந்து எக்ஸ்ரே புத்தகத்தைத் திருப்பி நீட்டினாள். தலகாணி வாங்கவில்லை.

"நான் முடிச்சிட்டேன்க்கா. நீங்க படிச்சுப் பாருங்க. உங்களுக்குப் பிடிக்கும்."

"எனக்குப் பிடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா தோணுச்சு."

சும்மா! இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் மேஜைமேல் கொட்டிச் சோதிக்க வேண்டும் என்பது எக்ஸ்ரேயின் கட்சி. சும்மா ஒருத்தி எதையாவது கொடுப்பாளா? வேலையாட்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. ஆனால் வாங்காவிட்டால் இவள் உஷாராகிவிடுவாள். ஆகவே, துப்பு துலக்கத்தான் வாங்குகிறோம் என்று தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொண்டு, புத்தகத்தைத் தன் பைக்குள் திணித்தாள்.

வீட்டுக்குப் போனதும் முகம்கூடக் கழுவவில்லை. புத்தகத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முதுகு ஒட்டிய இடத்தில் ஊசியை விட்டுக் குடைந்தாள். மோந்து பார்த்தாள். கணவர் எட்டி நின்று, கடித்தும் பார்த்துவிடு, எதற்குக் குறை என்றார். காகிதமும் மையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. அப்படியானால் விஷயம் எழுத்துக்குள்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு கதைப் புத்தகத்தை அவள் திறந்ததில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் திறந்தாள்.

நாவலின் பெயர் 'கொக்கு கால் மாற்றும் நாள்'. எடுத்த எடுப்பிலேயே புளுகு. மூடுபனி ஏரி ஒன்று; அதில் ஒற்றைக் காலில் தூங்கும் மலையளவு கொக்கு; அந்தக் கொக்கின் முதுகில் ஒரு நகரம். தெரு, சந்தை, மாடி வீடு எல்லாம் அதன்மேல். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று எக்ஸ்ரே முகத்தைச் சுளித்தாள். கொக்கு விழித்துக் கால் மாற்றினால் நகரம் கவிழ்ந்துவிடும். கொக்கு விழிக்காமல் இருக்க, நகரத்தின் எடை ஒரு குன்றிமணிகூடக் கூடவோ குறையவோ கூடாது. எனவே நூலேணி ஏறி உள்ளே வருகிறவர்களையும் இறங்கிப் போகிறவர்களையும் வாசலில் ஒருத்தி தராசில் நிறுத்துப் பார்க்கிறாள். தராசுக்காரி என்று பெயர். மூட்டையை நிறுக்கிறாள், குழந்தையை நிறுக்கிறாள், குழந்தைக்கு விழுந்த பல்லைக்கூட விடாமல் நிறுக்கிறாள்.

அந்த இடத்தில் எக்ஸ்ரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாடா, இந்தக் கதையில் உருப்படியாக ஓர் ஆளாவது இருக்கிறாளே!

ஆனால் கதையில் இருந்த மற்ற எல்லோரும் தராசுக்காரியைக் கரித்துக் கொட்டினார்கள். பின்னால் கேலி பேசினார்கள். படிக்கப் படிக்க எக்ஸ்ரேயின் காது சூடாகியது. ஓஹோ, சங்கதி இதுதானா! நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல், தலகாணி ஒரு புத்தகத்தையே வைத்துக் குத்திக் காட்டுகிறாள். சாயங்காலம் வரட்டும், மூஞ்சியிலேயே விட்டெறிகிறேன் என்று கறுவிக்கொண்டாள். கறுவிக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி நடந்து வந்தபோதும், அடுத்த அத்தியாயத்தில் தராசுக்காரி அந்தச் சந்தைக்காரனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம் விட்டெறியவில்லை. முழுசாகப் படித்துவிட்டு விட்டெறியலாம் என்று ஒத்திப்போட்டாள்.

அதற்குப் பிறகு அவளைக் கொக்கு பிடித்துக்கொண்டது. கதையில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. கொக்கின் கால் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்க அதில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு மெல்ல மெல்ல மேலே வருகிறது. அப்படியென்றால் நகரத்தின் எடை குறைகிறது. எதையோ யாரோ வெளியே கடத்துகிறார்கள். யார்? எதை? தராசுக்காரி தூக்கம் இல்லாமல் தவிக்கிறாள். எக்ஸ்ரேயும் தவித்தாள். சாப்பிடும்போது கணவரிடம் கதையை ஒரு வழக்கு மாதிரி எடுத்து வைப்பாள். அவர், புல்லாங்குழல் விற்கிறவன்தான் திருடன், அவன் முழியே சரியில்லை என்பார். அவன் முழியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே என்று இவள் சண்டைக்குப் போவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர்கள் சண்டை போட்டதில்லை. புத்தகம் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்டபோது மட்டும், வேலைக்காகப் படிக்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். வாசல், சோதனை, காணாமல் போகும் பொருள்! இது தற்செயலா? தலகாணிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதைத்தான் கதையாகக் கொடுத்திருக்கிறாள். இல்லையென்றால் தலகாணியே திருடி, என்னைப் படிப்பில் மயக்கி வைத்துவிட்டுக் காரியத்தை முடிக்கிறாள். இரண்டில் ஒன்று. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். மறுபடி ஐந்து அட்டை போயிருந்தது. அவர் குரலில் ஈரமே இல்லை. யார்மேல் சந்தேகம் என்று இப்போதே சொல், இல்லையென்றால் உன் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்றார். எக்ஸ்ரே தலகாணியைச் சொன்னாள். என்ன ஆதாரம் என்று அவர் கேட்டார்.

"எனக்குப் புத்தகம் கொடுத்தா சார். காரணம் இல்லாம யாராவது எதையாவது கொடுப்பாங்களா?"

மேனேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. அவருக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கூப்பிட்டு விசாரித்து வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்றார். திருட்டுப் பட்டத்தோடு அனுப்பினால் எந்தக் கிடங்கிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். அது எக்ஸ்ரேக்கும் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு செய்தவள் அனுபவிக்கட்டும் என்று மனசை அமுக்கினாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மறுபடி புத்தகத்தை விரித்தாள். கதையில் தராசுக்காரி, கூடை முடைகிற ஒரு பெண்ணைத் திருடி என்று நகரத்தார் முன்னால் நிறுத்தியிருந்தாள். சரியாகச் செய்தாய் என்று எக்ஸ்ரே அவளுக்கு மனசுக்குள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பகல் சாப்பாட்டு நேரம். மீசை அண்ணன் கிடங்குக்குள் ரவுண்டு போய்விட்டு வந்து, வாசல் அறை அலமாரிக்குப் பக்கத்துப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே நிழலில் நின்றார். சாப்பாட்டு நேரம் முடிந்தால் விசாரணை. எக்ஸ்ரேக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை நேரத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். வாசல் அறையில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தாள்.

பெரிய கட்டம் ஒன்றும் இல்லை. சாதாரண ஒரு வரிதான். நாளெல்லாம் நகரத்தாரை நிறுத்து முடித்த தராசுக்காரி, வீட்டுக்குப் போக எழுந்திருக்கிறாள். 'அவள் தன் குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அவளை நிறுக்க அங்கே வேறு யாரும் இல்லை.'

எக்ஸ்ரே அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு புத்தகத்தை மூடினாள்.

கிடங்கில் பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். அது விதி; நல்ல விதி. ஆண் காவலர்கள் வீட்டுக்குப் போகும்போது மேனேஜரின் உதவியாளர் அவர்களைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். வாசலில் இருந்த ஒரே பெண் காவலர் இவள். அப்படியானால் இவளை யார் சோதிப்பது? இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி மேனேஜருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. ஊரில் உள்ள பையையெல்லாம் கொட்டிப் பார்த்தவள், தன் பையை ஒருநாளும் கொட்டியதில்லை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் பையை எடுத்தாள். மேஜைமேல் கவிழ்த்தாள். டப்பா, சீப்பு, துண்டு. அடித்தையலை நீவினாள். விறைப்பாக நிற்க அடியில் போட்டிருந்த கெட்டி அட்டைத் துண்டுக்குக் கீழே விரல் எதிலோ தட்டியது. பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி ஆறு அட்டை மாத்திரை.

யார் வைத்தது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்த அலமாரிப் பக்கம் வருகிறவர் ஒருவர். இந்தப் பையைத் தினமும் கையில் வாங்கி, பஸ் நிறுத்தம் வரை மாட்டிக்கொண்டு போய், தானே எடுத்துத் தருகிறவரும் ஒருவர். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்ட வாய் கசந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது, அவர்மேல் பாதி, தன்மேல் பாதி.

இப்போது கதை அவள் கையில். அந்தப் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டால் ஒரு பிள்ளைக்குத் தெரியாது. மீசையைத் தனியாக மிரட்டி நிறுத்திவிடலாம். இன்றைக்குத் தலகாணி போய்விடுவாள், திருட்டும் நின்றுவிடும், அவள்தான் திருடி என்று ஆகிவிடும், எக்ஸ்ரே பெரிய கெட்டிக்காரி என்று பெயர் வரும். மேனேஜரிடம் போனால்? எவள் பையில் இருக்கிறதோ அவள்தான் திருடி என்று நேற்று வரைக்கும் வாய் கிழியப் பேசியது யார்? அவள்தானே. நீயும் கூட்டுத்தான் என்று அவர் சொன்னால் மறுத்துப் பேச அவளிடம் என்ன இருக்கிறது? வேலையும் போய், மானமும் போய், வேன் ஓட்டுகிற மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது?

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் பைக்குள் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு அவள் மேனேஜர் அறைக்கு நடந்தாள். அறைக்கு வெளியே பெஞ்சில் தலகாணி உட்கார்ந்திருந்தாள், கையில் புத்தகம் இல்லாமல். எக்ஸ்ரே அவளைப் பார்க்காமல் உள்ளே போய், பையை மேனேஜரின் மேஜைமேல் வைத்தாள்.

"சார், என் பையைச் சோதிங்க."

அவர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆனால் பையைத் தொடக் கை வரவில்லை. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டுமே! வேறு பெண் காவலர் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தவர், கடைசியில் வெளியே பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டார்.

தலகாணி வந்தாள். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒழுங்காகச் செய்தாள், தன்னிடம் தினமும் செய்யப்பட்டது போலவே. பையைக் கொட்டினாள், டப்பாவைத் திறந்தாள், அடித்தையலை நீவினாள், பொட்டலத்தை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தாள். கடைசியில் புத்தகத்தை எடுத்துத் தலைகீழாக உதறினாள். அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவள், எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து உள்ளே வைத்து மூடினாள்.

எக்ஸ்ரே எல்லாவற்றையும் சொன்னாள், ஸ்கூட்டரையும் கொக்கியையும் சேர்த்து. மேனேஜர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. எப்போதும் போல வீட்டுக்குப் போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனதுதான் அவள் வாழ்க்கையிலேயே நீளமான பயணம். மீசை வழி நெடுக, மழை விடாது போலிருக்கிறது என்று என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார். நிறுத்தத்தில் இறங்கியதும், பையை எடுத்துத் தருகிற சாக்கில் அவர் கை உள்ளே போனது. அங்கே காத்திருந்த மேனேஜரின் உதவியாளர் அந்தக் கையைப் பிடித்தார். கையும் களவுமாக.

"தங்கச்சி, நீயாவது சொல்லு" என்றார் மீசை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மீசை போனார். எக்ஸ்ரேயின் வேலை தப்பியது. மூன்று நாள் விசாரித்துவிட்டு, வாசலுக்கு இன்னொரு பெண் காவலரையும் போட்டார்கள். இப்போது ஒருத்தியை ஒருத்தி சோதித்துக்கொள்கிறார்கள். தலகாணியின் வேலையும் தப்பியது. ஆனால் அவள் எக்ஸ்ரேயிடம் பேசுவதில்லை. பையைக் கொட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கையில் வேறொரு தலையணை வந்திருந்தது. எக்ஸ்ரே அதை உதறும்போது கை கூசியது.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை கணவர் சமைத்துக்கொண்டிருக்க, அவள் நாவலின் கடைசிப் பகுதியை உட்கார்ந்து படித்தாள். தராசுக்காரியின் குடைக்குள் யார் எதை ஒளித்திருந்தார்கள், அந்த மர்மம் எப்படி அவிழ்கிறது என்று பார்க்க அவசரம். பக்கங்கள் போயின, குடையின் பேச்சே இல்லை. தராசுக்காரி குடையை மூலையில் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். யாரும் அதில் எதையும் ஒளிக்கவில்லை. அந்த நகரத்தில் யாரும் எதையும் திருடவே இல்லை! கொக்கு வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நகரத்தைக் கட்டியபோது அது குஞ்சு. கால் நீண்டது, கோடு மேலே வந்தது. அது தெரியாமல் ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு, கூடைக்காரியை நூலேணியில் இறக்கி மூடுபனிக்குள் அனுப்பிவிட்டது. கடைசி அத்தியாயத்தில் தராசுக்காரி தராசை வாசலிலேயே போட்டுவிட்டு, அவளைத் தேடிக்கொண்டு இறங்கிப் போகிறாள்.

எக்ஸ்ரே புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கணவர் வந்து, யார் திருடன் என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு, இவ்வளவு நல்ல புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதுவரை எத்தனை புத்தகம் பார்த்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மறுநாள் காலை கிடங்கு திறக்கும் முன்பே வாசலில் நின்று தலகாணியைப் பிடித்தாள். புத்தகத்தை நீட்டினாள். தலகாணி வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"இரு. எனக்குத் துப்புக் கொடுக்கத்தானே இதைக் கொடுத்தே?"

"என்ன துப்பு?"

எக்ஸ்ரே குடையைச் சொன்னாள். தலகாணி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அப்படி ஒரு குடை வந்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை.

"பின்னே எதுக்குக் கொடுத்தே?"

"ஒருநாள் சோதிக்கும்போது ஒரு பக்கத்துல நின்னுட்டீங்க. உதடு அசைஞ்சுது. பின்னாடி நின்னவ கத்தினதுக்கு அப்புறம்தான் மூடினீங்க. சரி, படிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு கொடுத்தேன்."

எக்ஸ்ரேக்கு அப்படி நின்றது நினைவே இல்லை. இதுதான் அந்த மூன்றாவது காரணம். இவ்வளவுதான் அது.

"உன் பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியும். அன்னைக்கே மேனேஜர் ரூம்ல இருந்து வந்து சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா புத்தகத்தைத் திருப்பிக் கேட்காம விட்டே?"

தலகாணி இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். கோபம் இன்னும் கண்ணில் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"அன்னைக்குச் சாயங்காலமே கேட்கத்தான் வந்தேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு, புத்தகத்தையும் வாங்கிட்டுப் போயிடணும்னு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். நீங்க நின்னு படிச்சுக்கிட்டு இருந்தீங்க. உங்க பஸ் வந்து போனதுகூட உங்களுக்குத் தெரியலை. நான் பக்கத்துலயே நின்னேன், அதுவும் தெரியலை." அவள் புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்தாள். "பாதிக் கதையில இருக்கிறவங்க கையில இருந்து எப்படிக்கா பிடுங்குறது?"

வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, எக்ஸ்ரே சீருடையோடு வாசலில் நின்று விம்மி விம்மி அழுதாள்.